மடைக்குளம் ஸ்டேஷனை எடுக்கப் போனேன்

திருநெல்வேலிக்கு நான் போனது ஒரு கல்யாணத்துக்கு. ரயில் பார்க்கத்தான் வருகிறேன் என்று சொல்லியிருந்தால் என் மனைவி விமானச் சீட்டைக் கிழித்துப் போட்டிருப்பாள். அவளுடைய சித்தப்பா மகளுக்குப் பாளையங்கோட்டையில் ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். மலேசியாவின் ஈப்போவிலிருந்து நாங்கள் இருவரும் வந்திருந்தோம். பெட்டியில் ஒரு பக்கம் கல்யாணப் பெண்ணுக்கான சாமான்கள், மறு பக்கம் என் கேமராவும் பிலிம் சுருள்களும். கேமரா கல்யாணத்துக்குத்தான் என்று அவள் நம்பினாள், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் ஊரிலும் மீட்டர் கேஜ் பாதைதான். ஆனால் கைகாட்டி மரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு விளக்குக் கம்பங்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் போகிற பாதையில் கைகாட்டிகள் இன்னும் ஏறி இறங்குகின்றன என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஈப்போவில் என்னைப் போன்ற ரயில் பைத்தியங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவோம். "இந்த வாரம் என்ன எடுத்தே?" "பாலம் எடுத்தேன்." "ரெண்டு ஸ்டேசன் எடுத்தேன்." இப்படித்தான் எங்கள் பேச்சு. 'படம்' என்ற சொல்லை யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்காததால் என்ன ஆனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி விருந்து. தேங்காய்ப்பால் சமையலில் எங்கள் ஊர் மலாய்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். மூன்றாம் முறை சொதி ஊற்றிக்கொண்டபோது அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். கூடவே இஞ்சிப் பச்சடி வைக்கிறார்கள். அது மட்டும் இல்லாவிட்டால் அன்று சாயங்காலம் என்னை யாராவது தூக்கித்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைத்துனன் நெல்லையப்பனிடம் என் திட்டத்தைச் சொன்னேன்.

"அத்தான், குத்தாலத்துல சீசன் ஆரம்பிச்சுட்டு. ஊரெல்லாம் அருவில குளிக்கப் போகுது. நீங்க அந்த வண்டியப் பாக்கப் போறேங்கியளே" என்றான். என்றாலும் மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் ஏற்றி ஜங்ஷனில் கொண்டுபோய் விட்டவன் அவன்தான்.

ஜங்ஷனில் அகலப்பாதையும் மீட்டர் கேஜும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. பெரிய வண்டிகள் நிற்கும் பக்கம் கூட்டமும் கூச்சலும். மீட்டர் கேஜ் பக்கம் போனால் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு வந்துவிட்ட மாதிரி அமைதி. தண்டவாளத்தின் நடுவில் ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. நடைமேடையில் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரிடம் கேமராவைக் காட்டி முறையாகக் கேட்டேன். அவர் என்னையும் என் தொப்பியையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"வண்டிய எடுக்கதுல ஒண்ணுமில்ல. பாலம் பக்கம் மட்டும் போவாதிய. எந்நேரமும் கழுத்துல தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சா எவனாவது கேப்பான். வேணுங்கும்போது வெளிய எடுங்க, மிச்ச நேரம் பைக்குள்ள கெடக்கட்டும்."

நல்ல புத்திமதி. அதைச் சொன்னபடியே கேட்டதுதான் பிறகு எனக்கு வினையாக முடிந்தது.

பாஸஞ்சர் வண்டியில் பாதிப் பேர் குற்றாலத்துக்குப் போகிறவர்கள். தோளில் துண்டும் கையில் எண்ணெய்க் குப்பியுமாக உட்கார்ந்திருந்தார்கள். என் எதிர் இருக்கையில் இரண்டு நடுவயதுக்காரர்கள். ஒருவரை ஒருவர் "சும்மா இரும் வே", "உமக்கு என்னவே தெரியும்" என்று பேசிக்கொண்டதைக் கேட்டு, சண்டை வரப்போகிறது என்று நான் காலை மடக்கிக்கொண்டேன். ஈப்போவில் இந்தக் குரலில் பேசினால் கடைக்காரர் நாற்காலிகளை உள்ளே எடுத்து வைத்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் ஒருவர் பனையோலையைப் பிரித்து, உள்ளே இருந்த நுங்கில் பாதியை மற்றவருக்குக் கொடுத்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். அப்போதுதான் இது அன்பு என்று தெரிந்தது.

நுங்கைத் தின்றபடி அவர்கள் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"சீட்டு விக்காத ஸ்டேஷன எல்லாம் எடுக்கப் போறாவளாம் வே."

"எவன் சொன்னாம்?"

"பேச்சு அடிபடுது. யாரோ ஆளு வந்து பாத்துட்டுப் போவாவளாம். மடைக்குளத்தத்தான் மொதல்ல எடுப்பாவ. அங்கன எவன் சீட்டு வாங்குதான்? எலைக்கட்டுதான் ஏறுது, ஆளு ஏற மாட்டேங்கு."

சேரன்மகாதேவியில் இறங்கி என் முதல் படத்தை எடுத்தேன். ஒற்றைத் தண்டவாளப் பாதை. முன்னால் பாதை காலியாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியாக, ஒரு இரும்புப் பந்தை வளையத்தோடு தைத்த பையில் போட்டு டிரைவரிடம் தருவார்கள். அந்தப் பந்து கையில் இல்லாமல் வண்டி நகராது. வளையம் கை மாறுகிற அந்தக் கணத்தைப் பிடித்துவிட்டேன். டிரைவர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "சரியா விழுந்துச்சா சார்? இல்லன்னா இன்னொரு மட்டம் வாங்குத மாதிரி வாங்குதேன்" என்றார். எங்கள் ஊர் டிரைவர்கள் கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளக்கட்டு வாங்கினேன். அந்தப் பக்கத்தில் அம்பை என்று சொல்லும் அம்பாசமுத்திரம் தாண்டிச் சற்று நேரத்தில் வண்டி ஒரு வளைவில் திரும்பி நின்றது. ஒரு பக்கம் கால்வாய், மறு பக்கம் வாழைத் தோட்டம், பின்னால் மலை முழுசாக. நடுவில் ஒரு தகரக் கொட்டகை, பெயர்ப்பலகை, வேப்பமரம். அதுதான் மடைக்குளம் ஸ்டேஷன். உண்மையான பெயர் வேறு. மாற்றிச் சொல்வதற்குக் காரணம், அந்த ஊர்க்காரர்கள் என்னிடம் நடந்துகொண்டதை வெளியே சொன்னால் அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

இரண்டு வாழையிலைக் கட்டுகள் ஏறின. மனிதர் யாரும் ஏறவில்லை. வண்டி கிளம்பியதும் ஜன்னலில் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தேன். தென்காசியிலிருந்து வருகிற வண்டி இந்த வளைவில் திரும்பும்போது காலை வெயில் இஞ்சின் முகத்தில் விழும். அந்த ஒரு படத்துக்காகவே ஈப்போவிலிருந்து வந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

மறுநாள் அங்கேயே போய் இறங்கினேன். இறங்கியது நான் ஒருவன்தான். வானம் மூடிக்கொண்டு சாரல் விழுந்தது. கேமராவைப் பையை விட்டு வெளியே எடுக்க முடியாது. வந்ததற்கு இடமாவது பார்ப்போம் என்று மழைக்கோட்டும் தொப்பியுமாக நடைமேடையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அடி எண்ணி நடந்தேன். என் கேமரா பழையது, தூரத்தை நாம்தான் கணக்குப் பண்ணி வைக்க வேண்டும். பிறகு இரண்டு கை விரல்களையும் சட்டம் மாதிரி சேர்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கொட்டகையையும் மரத்தையும் பார்த்தேன். சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டேன்.

கொட்டகைக்குள் சீட்டுக் கொடுக்கும் அறை. அதன் சிறு ஜன்னல் வழியாக இதையெல்லாம் ஒரு அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் இசக்கியம்மாள், நாற்பது வயது இருக்கும். அவர் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அல்ல. அம்பாசமுத்திரத்தில் முன்பணம் கட்டிச் சீட்டு வாங்கி வந்து விற்க வேண்டும், விற்றதற்குக் கமிஷன். கணவர் பார்த்துவந்த வேலை. அவர் காலமான பிறகு இவர் பார்க்கிறார். இதெல்லாம் நான் கேட்கக் கேட்க அவர் சொன்னது. நான் ஏன் இவ்வளவு கேட்கிறேன் என்று அவர் யோசித்திருப்பார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை பேர் ஏறுவாங்க?" என்றேன்.

அவர் பதில் சொல்லாமல், "சார் எங்கேருந்து வாரிய?" என்றார்.

"மலேசியாலேர்ந்து."

"அம்புட்டுத் தூரத்துலேருந்தா? இங்கன என்ன சோலி?"

"இந்த ஸ்டேசனை எடுக்கத்தான் வந்தேன்" என்றேன்.

அவர் கை சீட்டு அடுக்கின் மேல் அப்படியே நின்றது.

"எடுக்கதுன்னு முடிவே பண்ணியாச்சா?"

"பின்னே? நேத்து வண்டியில போகும்போதே முடிவு பண்ணிட்டேன். இன்னைக்கே எடுத்திருப்பேன், மழை வந்து கெடுத்துடுச்சு. நாளைக்குக் காலையில வந்து எடுத்துடறேன். வண்டியோட சேர்த்து."

"வண்டியவுமா?"

"வண்டி இல்லாம வெறும் ஸ்டேசனை எடுத்து என்ன பண்றது?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளரில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தார். "குடிங்க சார். பைய குடிங்க" என்றார். அவர் குரல் அடைத்திருந்தது. சாரலில் சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். காப்பி அருமையாக இருந்தது. உடன்குடிக் கருப்பட்டி என்றார். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அதற்கு அடுத்த நாள் வானம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. காலை வண்டியில் போய் மடைக்குளத்தில் இறங்கியவன் திகைத்துப் போனேன். நடைமேடையில் கால் வைக்க இடமில்லை. ஆண்கள் சலவை வேட்டியில், பெண்கள் தலை நிறையப் பூவோடு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சீருடையில். சிலர் கையில் பெட்டி. ஒருவர் குடையை விரித்துப் பிடித்திருந்தார், மழையும் இல்லை வெயிலும் ஏறவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். வண்டியும் மலையும் போதும் என்று வந்தவனுக்கு ஜனங்களும் கிடைத்துவிட்டார்கள்.

"இன்னைக்கு இங்கே திருவிழாவா?" என்று முன்னால் நின்றவரிடம் கேட்டேன். அவர் சுடலைமுத்து, ஊரில் வாழையிலை வியாபாரி. எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள்.

"திருவிழாவா? தெனமும் இப்படித்தான் சார் கூட்டம். வண்டில எடம் கெடைக்கது பெரும்பாடு" என்றார் அவர்.

பின்னாலிருந்து ஒரு குரல் தாழ்வாகக் கேட்டது: "ஏலே, புதுசாப் பாக்க மாதிரி பாக்காத லே. தெனமும் போறவன் மாதிரி நில்லு."

என்னைப் பெஞ்சியில் உட்கார வைத்தார்கள். வாழையிலையில் இட்லியும் மிளகாய்ப்பொடியும் வந்தன. பதநீர் வந்தது. ஒரு பெண்மணி விசிறினார். ஈப்போவில் சொந்த அக்காள் வீட்டுக்குப் போனால்கூட இந்த உபசாரம் கிடையாது. சீட்டு ஜன்னலில் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. இசக்கியம்மாள் தலை நிமிராமல் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். தென்காசியிலிருந்து வண்டி வருகிற நேரம் நெருங்கியது. நான் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, எடுக்கட்டுமா?" என்றேன்.

விசிறி நின்றுவிட்டது.

"எடுத்துராதிய சார்" என்றார் சுடலைமுத்து அண்ணாச்சி.

கிராமத்துக் கூச்சம் என்று நினைத்து அவருக்குத் தைரியம் சொன்னேன். "பயப்படாதீங்க. எல்லா இடத்திலயும் எடுத்தேன், யாரும் ஒண்ணும் சொல்லலை. சேரன்மகாதேவி எடுத்தாச்சு. நேத்து இங்கேர்ந்து போய், மழை விட்டதும் ஆழ்வார்குறிச்சியும் எடுத்துட்டேன்."

"ஆழ்வார்குறிச்சியவுமா எடுத்துட்டிய?" என்று ஒரு கிழவர் நெஞ்சில் கை வைத்தார்.

அண்ணாச்சியின் குரல் கெஞ்சலாக மாறியது. "பாருங்க சார், இம்புட்டு சனம் ஏறுது. பஸ்ஸுக்குப் போணும்னா ரெண்டு மைலு வயக்காட்டுல நடக்கணும். பிள்ளைய அம்பைல படிக்கி. ஸ்டேஷன எடுத்துட்டா அதுக எப்படிப் போகும்? ஒங்க மேலிடத்துல சொல்லுங்க, இங்கன நல்லா சீட்டு விக்குதுன்னு."

அப்போதுதான், இரண்டு நாள் முன்னால் ரயிலில் நுங்கோடு கேட்ட பேச்சு மண்டையில் வந்து இடித்தது. பையைத் திறந்து கேமராவை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தேன்.

"படம்ங்க. படம் எடுக்கத்தான் வந்தேன். எனக்கு மேலிடமும் இல்லை, கீழிடமும் இல்லை. நான் கல்யாணத்துக்கு வந்தவன்."

முதலில் யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. அப்புறம் ரொம்பப் பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. "அப்ப இவரு ஆபீசர் இல்லையா?" என்று ஒருவர் கேட்டார். "களையெடுக்கப் போறவன நிப்பாட்டி வச்சுட்டாவளே" என்றார் இன்னொருவர். "ஏலே, சீட்டக் குடுத்துட்டுத் துட்ட வாங்குங்க லே" என்று ஒரு குரல் வந்ததும் வரிசை மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பியது.

இசக்கியம்மாள் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. "வாங்க, திருப்பித் தாரேன்" என்று மட்டும் சொன்னார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என் வாயால் ஒருவருக்கு இவ்வளவு கஷ்டம் வந்ததில்லை. முண்டிக்கொண்டு ஜன்னலுக்குப் போய், "அம்மா, அத்தனை சீட்டையும் நானே வாங்கிக்கறேன்" என்றேன்.

"ஒத்த ஆளு அம்புட்டுச் சீட்ட வச்சு என்ன செய்வீய?" என்றார் அவர், கோபமில்லாமல். "ஆளு ஏறுனாத்தான் சார் ஸ்டேஷன்."

தூரத்தில் இஞ்சின் ஊதியது.

அண்ணாச்சியின் மனைவி அதுவரை ஓரமாக நின்றிருந்தவர். நல்ல அரக்குப் பட்டு உடுத்தியிருந்தார். அவர் வரிசையைப் பார்த்தார், தன் சேலையைப் பார்த்தார்.

"நா சீட்டத் தர மாட்டேன்" என்றார். "விடியக்கால எந்திச்சுக் குளிச்சுப் பட்டுடுத்திட்டேன். இனி அவுத்து வச்சிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்ட என்னால ஆகாது. நா அம்பைக்குப் போறேன்."

"அங்கன என்ன சோலி?" என்றார் அண்ணாச்சி.

"எந்தங்கச்சியப் பாத்து ஆறு மாசம் ஆகு. நீரும் வாறீரா, இங்கனயே நிக்கீரா?"

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மனைவி பக்கத்தில் போய் நின்றார். அவ்வளவுதான், வரிசை கலைய ஆரம்பித்தது. ஒருவருக்கு மூட்டுவலி வைத்தியரைப் பார்க்க வேண்டும் என்று நினைவு வந்தது. இரண்டு பெண்கள் வளையல் வாங்க வேண்டும் என்றார்கள். களையெடுக்கப் போக வேண்டும் என்றவர், "களை எங்கன போயிரப் போகுது" என்று சீட்டைச் சட்டைப்பையில் திரும்பப் போட்டார். நெஞ்சில் கை வைத்த கிழவர், ஆழ்வார்குறிச்சி பத்திரமாக இருக்கிறதா என்று என்னிடம் இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

நான் ஓடிப்போய்க் கால்வாய்க் கரையில் ஏறினேன். வண்டி வளைவில் திரும்பியது. நினைத்தபடியே இஞ்சின் முகத்தில் வெயில். வந்து நின்றதும் கார்டு கீழே இறங்கி, கூட்டத்தைப் பார்த்துப் பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஒரு நிமிடம் நிற்க வேண்டிய வண்டி, பட்டுச்சேலைகளும் பெட்டிகளும் குடையும் உள்ளே போகும்வரை நின்றது. கிளம்பும்போது ஜன்னல்தோறும் கைகள். எனக்குத்தான் காட்டுகிறார்கள் என்று நானும் கையாட்டினேன். கவனித்துப் பார்த்தால் எல்லாக் கைகளும் சீட்டு ஜன்னலைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தன. எத்தனை படம் எடுத்தேன் என்பது நினைவில்லை, பிலிம் தீர்ந்துபோனது மட்டும் தெரியும்.

வண்டிச் சத்தம் அடங்கியதும் கரையிலிருந்து இறங்கி வந்தேன். நடைமேடையில் கொட்டிக் கிடந்த பூவைத் தவிர ஒன்றுமில்லை. இசக்கியம்மாள் சீட்டு அடுக்கின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அடுத்து ஒரு வண்டி இருக்கிறது, திருநெல்வேலிக்கு ஒரு சீட்டு வேண்டும் என்றேன். அவர் அடுக்கின் ஒவ்வொரு பள்ளத்திலும் விரலை விட்டுப் பார்த்தார். எல்லாம் காலி என்று அவருக்குத் தெரியும், இருந்தும் கடைசிப் பள்ளம் வரை பார்த்தார்.

"இல்ல சார். அம்பைக்குத் தீந்த பெறவு, திருநெல்வேலிச் சீட்டையும் வாங்கிட்டுப் போயிட்டாவ. சீட்டு தீந்துட்டு."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு யாரும் கேட்காமலேயே இன்னொரு முறை, இப்போது கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"மடைக்குளத்துல சீட்டு தீந்துட்டு."